லாங் ஜம்ப்பும் கிண்டி சீட்டும்

கேள்வி:

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற ரோட்டில் நேந்திரம் சிப்ஸ், அல்வா, சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு இலஞ்சி. மூத்த மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் 1 படிக்கிறாள். மேக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பத்தாம் வகுப்பில் 471 மார்க். எட்டாம் வகுப்பிலிருந்து லாங் ஜம்ப் தாண்டுகிறாள். போன வருஷம் தென்காசி மாவட்டத்தில் முதலிடம். 17 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டியில் 5.38 மீட்டர் தாண்டி மூன்றாமிடம். முதல் இரண்டு பேரை மட்டும் தேசியப் போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். ஆறு சென்டிமீட்டரில் போய்விட்டது.

அவளுக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் மேல் ஆசை. ஐ.ஐ.டி.யிலும் இப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டா வந்துவிட்டது என்று பி.இ.டி. சார் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனன், ஹார்வர்டில் விளையாட்டுக்காரர்கள் நூறு பேர் விண்ணப்பித்தால் 86 பேருக்கு இடம் கிடைக்கிறதாம், முயற்சி செய்யுங்கள் என்கிறான். அதற்கு வழிகாட்டுகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி மூன்று லட்சம் கேட்கிறது. இதற்கிடையில் நேபாளத்தில் 'இன்டர்நேஷனல்' போட்டி, 38,000 ரூபாய் கட்டினால் இந்திய அணியில் சேர்க்கிறோம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. பள்ளியிலோ பிளஸ் 2-வில் விளையாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். எதை நம்புவது, எதை விடுவது? பெண் பிள்ளையை வெளிமாநிலத்துக்குத் தனியாக எப்படி அனுப்புவது என்பது என் மனைவியின் கவலை. அதற்கும் பதில் சொல்லுங்கள்.

— ஒரு தகப்பன், இலஞ்சி

பதில்:

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஆறு சென்டிமீட்டர்தான். மாநிலத்தில் மூன்றாமிடம் என்றால் மாநிலச் சான்றிதழ். இரண்டாமிடம் என்றால் தமிழ்நாட்டு பனியன் போட்டுத் தேசியப் போட்டியில் தாண்டிய சான்றிதழ். பிளஸ் 2-வில் நூறு மார்க் கூடக் குறைய வாங்குவதைவிட இந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் பெரிது. நீங்கள் கேட்ட கல்லூரிகள் எல்லாவற்றிலும் கடைசியில் கதை அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் கிண்டி. தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். பொதுக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே, மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வோடு சேர்த்து இதை முடித்துவிடுவார்கள். சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் போட்டு, தனித் தரவரிசை வெளியாகும். பன்னாட்டுப் பதக்கம் மேலே, அடுத்து தேசியம், அதற்கும் கீழே மாநிலம். 500 என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது மாநிலம் முழுவதும் உள்ள கல்லூரிகளுக்குச் சேர்த்து. கிண்டியில் ஒரு பாடப்பிரிவுக்கு விரல் விட்டு எண்ணுகிற இடங்கள்தான் வரும். அந்த இடங்களைத் தரவரிசையின் தலையில் நிற்பவர்கள் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்வார்கள்.

இன்றைய நிலையில், கையில் இருக்கும் மாநில வெண்கலத்தோடு உங்கள் மகள் போய் நின்றால் ஏதாவது ஒரு நல்ல கல்லூரி கிடைக்கும். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. பொது வரிசையில் அந்தப் பாடத்துக்கு 200-ஐ ஒட்டியே கட்-ஆஃப் கேட்கிற இடம் அது. தேசியப் போட்டியில் ஒரு பதக்கம் வந்துவிட்டால் கதை மாறும். பதக்கம் இல்லாமல், தமிழ்நாட்டுக்காகக் கலந்துகொண்டாலேகூட அவள் வரிசையில் ஏறுவாள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. அதே மணல் குழியில் உங்கள் மகளோடு தாண்டும் அரசுப் பள்ளிப் பிள்ளை யாராவது இருந்தால் அவள் வீட்டில் இதைச் சொல்லுங்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் கடன் வாங்கிய குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு.

மருத்துவத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் யாராவது கேட்பார்கள். மாநில ஒதுக்கீட்டில் விளையாட்டுக்கு எம்.பி.பி.எஸ். இடங்கள் மொத்தமே ஏழு. நீட் தேர்ச்சியும் வேண்டும். இந்திய அணிக்கு ஆடியவர்கள் வந்து நிற்கும் வரிசை அது.

அடுத்து ஐ.ஐ.டி. உங்கள் பி.இ.டி. சார் சொன்னது சரி. சென்னை ஐ.ஐ.டி. 2024–25 கல்வியாண்டில் இதைத் தொடங்கியது. நாட்டின் ஐ.ஐ.டி.க்களில் இதை முதலில் செய்தது அதுதான். ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள். அவற்றில் ஒன்று பெண்களுக்கு மட்டும். இது உங்களுக்குச் சாதகம். கடந்த நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் குறைந்தது ஒரு பதக்கம் இருக்க வேண்டும். மற்ற ஐ.ஐ.டி. இடங்களை நிரப்பும் பொதுக் கலந்தாய்வில் இது வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்றை எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதிபெற்றுத் தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கே போய் வந்தாலும் இதற்கு விலக்கு இல்லை. அட்வான்ஸ்டு எழுதவே ஜே.இ.இ. மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வர வேண்டும். ஆனால் பட்டியலில் வருவது வேறு, ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்கிற ரேங்க் வாங்குவது வேறு. 2025-ல் பொதுப் பட்டியலில் இடம்பெறக் குறைந்தபட்ச மதிப்பெண் 360-க்கு 74. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. 74 வாங்கிய பிள்ளைக்குச் சாதாரண வழியில் சென்னை ஐ.ஐ.டி.யின் வாசலில்கூட இடம் கிடையாது. அதே 74-உம் தேசியப் பதக்கமும் சேர்ந்தால் உள்ளே போக வழி இருக்கிறது. பாஸ் ஆக வேண்டும், பதக்கமும் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இரண்டும் சேர்ந்த பிள்ளைகள் நாட்டில் குறைவு என்பதால்தான் இடங்கள் பல இருந்தும் முதல் ஆண்டில் ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள்.

ஆகவே அவளை ஜே.இ.இ. கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அட்வான்ஸ்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து, பிளஸ் 1-ல் நடத்தி முடித்த பாடங்களின் கேள்விகளை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு 471 இதற்கு எந்த ஜோசியமும் சொல்லாது. மாநிலப் பாடத்திட்டத்தில் சென்டம் வாங்குகிற பிள்ளைகள் அந்த இயற்பியல் தாளைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். போட்டுப் பார்த்தபின் அவளுக்கே ஆசை வந்தால் இரண்டு வருஷத்தைக் கொடுக்கலாம். உங்களுக்கோ சாருக்கோ மட்டும் ஆசை இருந்தால் வேண்டாம். திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.க்களின் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடே கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சலுகைக்காக மட்டும் ஜே.இ.இ. படிப்பது லாபமில்லை.

இனி உங்கள் மைத்துனரின் 86-க்கு வருவோம். அவர் கதை விடவில்லை. ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்த வழக்கு 2018-ல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது வெளியான கணக்கு அது. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேருக்கு. பார்த்தவுடன் யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

ஆனால் அந்த நூறு பேர் யார் என்று பாருங்கள். விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் அந்த நூறில் இல்லை. ஒரு பயிற்சியாளர் உலகம் முழுவதிலிருந்தும் வரும் தூரங்களையும் நேரங்களையும் பார்த்து, தன் அணிக்கு இன்னார் வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவர்களுடைய மார்க் பட்டியலை முன்கூட்டியே சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, இந்தப் பிள்ளை படிப்பில் தேறுமா என்று கேட்கிறார். அங்கே தலையாட்டியபின்தான், இனி விண்ணப்பம் போடு என்று பிள்ளையிடம் சொல்கிறார். இப்படிச் சலித்து எடுத்த பிறகு எஞ்சிய நூறில் 86. சலிப்பில் விழுந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று எந்தக் கணக்கிலும் வராது, ஏனென்றால் அவர்கள் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' என்ற பத்தியில் ஏறவே இல்லை. மாநில அளவில் லாங் ஜம்ப் தாண்டுகிற பெண், பயிற்சியாளர் யாரும் கேட்காமல் தானாக விண்ணப்பித்தால், அவள் அந்த ஆறு விழுக்காட்டு வரிசையில்தான் நிற்பாள். அதிலும் வெளிநாட்டு மாணவியாக நிற்பாள்.

எந்த விளையாட்டு என்பதும் பெரிய விஷயம். ஹார்வர்டுக்கு 42 அணிகள் இருக்கின்றன. படகோட்டம், ஸ்குவாஷ், வாள்வீச்சு, லக்ராஸ் என்று பட்டியல் போகும். கபடிக்கும் கோ-கோவுக்கும் சிலம்பத்துக்கும் அங்கே பயிற்சியாளர் இல்லை; நம் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் பாடி வந்தாலும் அது அவர்கள் கணக்கில் வராது. தமிழ்நாட்டிலிருந்து அந்த வகைப் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டோடு போனவர் என்றால் ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் நினைவுக்கு வருகிறார். கொலம்பியாவில் படித்து அந்த அணிக்கு ஆடியவர். ஆனால் போகும்போதே ஆசிய அளவில் தெரிந்த ஜூனியர் வீரர் அவர்.

லாங் ஜம்ப் அங்கே உண்டு. தடகளத்தில் நமக்குத் தெரிந்த உதாரணம் தேஜஸ்வின் சங்கர். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பையன். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் உயரம் தாண்டுதலில் 2.26 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையை உடைத்தார். பதினெட்டு வயது அப்போது நிரம்பவில்லை. அதற்குப் பிறகுதான் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் முழு ஸ்காலர்ஷிப் கொடுத்து 2017-ல் அழைத்துக்கொண்டது. அங்கே கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் பட்டத்தை இரண்டு முறை வென்றார், படிப்பை முடித்து வேலைக்கும் போனார். இதில் கவனிக்க வேண்டியது, கான்சாஸ் ஸ்டேட் ஹார்வர்டைப் போல நூற்றுக்கு ஒரு சிலரை மட்டும் எடுக்கிற இடம் இல்லை. அதற்கே ஒரு தேசியச் சாதனை தேவைப்பட்டது.

உங்கள் மகளின் நிலையை அறிய மூன்று லட்சம் வேண்டாம், அரை மணி நேரம் போதும். ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களின் தடகளப் போட்டி முடிவுகள் இணையத்தில் பொதுவில் கிடக்கின்றன. பெண்கள் லாங் ஜம்ப்பில் முன்னால் வருகிறவர்கள் ஆறு மீட்டரை ஒட்டியோ அதைத் தாண்டியோ தாண்டுகிறார்கள். 5.38-க்கும் அதற்கும் நடுவில் அரை மீட்டருக்கு மேல் இருக்கிறது. அவள் இரண்டு வருஷத்தில் 5.80, 5.90 என்று வந்தால் தாராளமாக எழுதிப் பார்க்கட்டும். எழுதுவதற்குக் காசு இல்லை. பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரி கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் ஜூன் 15-லிருந்து பெரும்பாலான விளையாட்டுகளில் அவர்கள் பதில் எழுதலாம் என்று விதி இருக்கிறது. தாண்டும் வீடியோ, போட்டி முடிவின் நகல், மார்க் பட்டியல் மூன்றும் போதும். காற்றின் வேகம் அளந்த போட்டியாக இருக்க வேண்டும். வினாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் காற்று பின்னாலிருந்து தள்ளினால் அந்தத் தூரம் சாதனைக் கணக்கில் வராது. நம் பள்ளி மைதானங்களில் அந்தக் கருவியே இருக்காது, அவள் 5.38 தாண்டிய நாளில் ஆடிக்காற்றா, அடங்கிய காற்றா என்று அவர்கள் கேட்டால் யாரிடம் போய் விசாரிப்பது?

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. அங்கே "ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று அந்தக் கன்சல்டன்சி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஒரு வரியே அவர்களை எடைபோடப் போதும். ஸ்டான்ஃபோர்ட் போன்ற வேறு இடங்கள் தரும். ஐவி லீக்கில் குடும்ப வருமானம் பார்த்துத்தான் உதவி. அந்த உதவி பெரியது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டு மாணவருக்கும் வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, பிறகு தேவைப்படும் முழுப் பணத்தையும் கொடுக்கின்றன. சீசன் வருமானத்தில் ஓடும் ஒரு குற்றாலத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டால் செலவு ஒரு பிரச்சினையே இல்லை. கிடைப்பதுதான் பிரச்சினை.

குறுக்கு வழி இருக்கிறது என்று யாராவது காதில் ஓதினால் 2019-ஐ நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற கல்வி ஆலோசகர், பணக்காரப் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, ஒருநாளும் விளையாடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டி இடம் வாங்கிக் கொடுத்தார். தண்ணீரில் கால் வைக்காத பையனை வாட்டர் போலோ வீரன் ஆக்கப் படத்தை வெட்டி ஒட்டியதெல்லாம் நடந்தது. சில பயிற்சியாளர்களும் உடந்தை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு. நடிகைகள் சிறைக்குப் போனார்கள், சிங்கருக்கு மூன்றரை வருஷம். அதற்குப் பிறகு அங்கே விளையாட்டுச் சான்றுகளைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள்.

நேபாளக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். 38,000 கட்டினால் இந்திய அணியில் இடம் என்றால் அது இந்திய அணி இல்லை. கோவா, நேபாளம் என்று போட்டி வைத்து, போன எல்லோருக்கும் மெடல் மாட்டி அனுப்பும் தனியார் அமைப்புகள் ஏராளம். ஊரில் பேனர் வைக்கலாம், செய்தித்தாளில் படம் வரும், எம்.எல்.ஏ.வைப் பார்த்துச் சால்வை வாங்கலாம். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அங்கே வந்து அழுத பிள்ளைகளைப் பார்ப்பது சங்கடமான காட்சி. தப்பு அவர்களுடையது இல்லை. தடகளத்தில் செல்லுபடியாவது இரண்டு வழிகள். ஒன்று பள்ளிக்கல்வித் துறையின் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி இந்தியப் பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் தேசியப் போட்டிக்குப் போவது. இன்னொன்று இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் கீழ் வரும் மாநில, மாவட்டத் தடகளச் சங்கங்களின் போட்டிகள். கேலோ இந்தியா இளைஞர் போட்டியும் உண்டு.

உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாவது வழியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் கண்ணில் பட்ட பெரிய ஓட்டை இதுதான். பள்ளி வழியில் மூன்றாமிடத்தோடு கதவு சாத்திவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சங்கத்தின் வழியில் 18 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டிகள் தனியாக நடக்கின்றன. அங்கிருந்து தென்மண்டலம், தேசிய ஜூனியர். தேசியப் போட்டிக்கு இத்தனை மீட்டர் என்று தகுதித் தூரம் முன்கூட்டியே அறிவிப்பார்கள். கலந்துகொள்ளச் சம்மேளனத்தின் பதிவு எண் வேண்டும். மாவட்டத் தடகளச் சங்கச் செயலாளரிடம் கேட்டால் பதிவு செய்துவிடலாம். ஒரே பெண்ணுக்கு வருஷத்தில் இரண்டு வழிகளில் வாய்ப்பு. பள்ளிப் போட்டியில் அவள் இனி 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு ஏறப்போகிறாள், மூத்த பெண்களோடு மோத வேண்டும் என்பதால் இந்த இரண்டாவது வழி இன்னும் முக்கியமாகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு நெல்லைப் பிள்ளைகளோடு மாவட்ட இடத்துக்கு மல்லுக்கட்டும் வேலை உங்களுக்கு இல்லை. அந்தச் சௌகரியம் மாநிலப் போட்டி வரைதான்.

அந்த ஆறு சென்டிமீட்டரை எங்கே தேடுவது என்றும் சொல்கிறேன். தாண்டிய தூரத்தைக் கால் எங்கிருந்து எழும்பியது என்று பார்த்து அளப்பதில்லை. எழும்பும் இடத்தில் பதித்த பலகையின் முன்விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். ஃபவுல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பள்ளிப் பிள்ளைகள் பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே எழும்பிவிடுவார்கள். உண்மையில் 5.55 தாண்டியிருப்பார்கள், டேப்பில் 5.38 என்று வரும். ஒருவர் பலகைக்கு நேர் பக்கவாட்டில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சாரல் நின்றபாடில்லை; குறுவட்டப் போட்டிகளும் அதே மாதங்களில்தான். ஈர மண்ணில் ஓடிப் பழகிய பிள்ளை கடைசி நான்கு எட்டுகளைத் தன்னையறியாமல் குறுக்கி வைக்கும். மாநிலப் போட்டியில் செயற்கை ஓடுதளத்தில் ஸ்பைக்ஸ் போட்டு ஓடும்போது எட்டு நீண்டு, அளந்து வைத்த அடையாளம் தப்பிப்போகும். போட்டிக்கு முன்னால் ஓரிரு வாரமாவது செயற்கைத் தளத்தில் ஓட விடுங்கள். ஆலோசகருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

சான்றிதழைப் பத்திரப்படுத்துவது பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஒவ்வொரு வருஷமும் அதே தவறு வருகிறது. சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும். மைதானத்தில் மைக் பிடித்தவர் கூப்பிட்ட பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் பார்ப்போம். அன்றைக்கே, அந்த இடத்திலேயே திருத்திக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கலந்தாய்வுக் கையேட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பெற்ற சான்றிதழ் செல்லும், எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் போடுவார்கள். போன வருஷத்துக் கையேட்டை இப்போதே இறக்கிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சங்கம் இரண்டாக உடைந்து ஆளுக்கொரு போட்டி நடத்துகிற விளையாட்டாக இருந்தால் எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்று கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும்.

பிளஸ் 2-வில் நிறுத்துவது சரியா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். உடற்கல்வி பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குகிற ஊரில் இப்படிச் சொல்வது பள்ளிக்குப் பிடிக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவளிடம் இப்போது மாநில வெண்கலம் இருக்கிறது. இங்கே நிறுத்தினால் நான்கு வருஷ உழைப்பை மாநில வெண்கல விலைக்கு விற்பதாகும். லாங் ஜம்ப் ஒன்றும் நாள் முழுவதையும் தின்கிற விளையாட்டு இல்லை. முழு ஓட்டத்தில் தாண்டுவது வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தால் மிகுதி. மற்ற நாளில் ஓட்டம், உடல் வலுப் பயிற்சி. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. 2025–26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பல பள்ளிகள் அதைச் சாக்கிட்டுப் பிளஸ் 1-லேயே பிளஸ் 2 பாடத்தை ஓட்டுகின்றன. உங்கள் மகள் அந்தச் சலுகையை வேறு விதமாகப் பயன்படுத்தட்டும்: இந்த வருஷம் தாண்டுவதில் முழு மூச்சு, தேசியப் போட்டியைத் தொட்டுவிட வேண்டும். பிளஸ் 2-வில் ஜனவரிக்குப் பிறகு போட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம். அவள் ஜே.இ.இ. எழுதுவதாக முடிவானால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். ஜனவரி மெயின் தேர்வும் பள்ளி விளையாட்டுகளின் தேசிய சீசனும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

கிண்டி கிடைக்கவில்லை என்றாலும் தெருவில் நிற்கப் போவதில்லை. சென்னையிலும் கோவையிலும் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஜெயிக்க ஆசைப்படும் தனியார் நிறுவனங்கள் நல்ல வீராங்கனைக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் தள்ளுபடி செய்கின்றன. பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இரண்டாம் வருஷத்தில் முட்டியில் அடிபட்டுத் தாண்ட முடியாமல் போனால் சலுகை நிற்குமா, தொடருமா? வாய்ப் பேச்சாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் கூடுதல் இடங்கள் உண்டு. விளையாட்டுக்கு 75 விழுக்காடு, சி.யு.இ.டி. தேர்வுக்கு 25 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கு. அவள் பி.இ.யை விட்டுப் பொருளாதாரமோ கணிதமோ படிக்க நினைத்தால் நாட்டின் முதல் வரிசைக் கல்லூரிகளுக்கு மாநில, தேசியச் சான்றிதழோடு போக அது நல்ல வழி.

உங்கள் வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி. தேசியப் போட்டிக்கு மாநில அணி போகும்போது பெண்கள் அணிக்குப் பெண் மேலாளர் ஒருவரும் கூடப் போவார். பெரும்பாலும் எங்காவது ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையாக இருப்பார். அணிப் பட்டியல் வெளியான அன்றே அவர் பெயரையும் செல்போன் எண்ணையும் கேட்டு வாங்கி, பிள்ளையின் அம்மாவையே பேசச் சொல்லுங்கள். எந்த ரயில், முன்பதிவு உறுதியாகிவிட்டதா, எங்கே தங்க வைக்கிறார்கள், அறையில் எத்தனை பேர் என்பதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்கலாம். அணி சென்னையில் கூடுவதாக இருந்தால் தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது அவளோடு நீங்களோ உங்கள் மனைவியோ எழும்பூர் வரை போய் ஒப்படைத்துவிட்டு வரலாம். பயணச் செலவோ ஸ்பைக்ஸோ கையைக் கடித்தால், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போடுங்கள். போட்டியின் அழைப்புக் கடிதம் வந்த பிறகு தள்ளிப்போட வேண்டாம். பணம் வந்து சேர நாளாகும்.